பிக்கப் வாங்கும் முன் கராஜை அளந்து பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஒரகடத்திலிருந்து மிச்சிகன் வந்து மூன்று மாதம். நோவையில் அபார்ட்மென்ட், டியர்பார்னில் ஆபீஸ், போக வர 50 மைல். மனைவியும் நான்கு வயது மகளும் மார்ச்சில் வருகிறார்கள். பார்க்கிங் முழுக்க பிக்கப்பாக நிற்பதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. வாங்கினால் மின்சார பிக்கப்தான், ஃபோர்டு லைட்னிங், ரிவியன், டெஸ்லா சைபர்ட்ரக், செவ்ரோலே (செவி) சில்வராடோ நான்கில் தினசரி ஓட்ட எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினேழு வருடமாக இங்கே இருக்கிறேன். 2022 கடைசியில் பெரிய பேட்டரி வைத்த ஒரு லைட்னிங் வாங்கினேன், இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி நான் கேட்கிறேன். வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்), குதிரைத்திறன், திரை அளவு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அபார்ட்மென்ட் சுவரில் இருக்கும் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 1.4 கிலோவாட் அளவில்தான் மின்சாரம் ஏறும். என் வண்டியின் பேட்டரி 131 கிலோவாட்-மணி. காலியாக இருந்து நிரம்ப ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். ஜனவரிக் குளிரில் வருகிற மின்சாரத்தில் ஒரு பகுதியை பேட்டரி தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே எடுத்துக்கொள்ளும். சொந்த வீட்டில் எலெக்ட்ரீஷியனை வைத்து 240 வோல்ட் லைன் இழுத்து 48 ஆம்பியர் சார்ஜர் மாட்டினால் 11 கிலோவாட் கிடைக்கும். சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் வண்டி தயார். வீட்டில் இது இல்லாமல், வாரம் இரண்டு முறை கடைப் பார்க்கிங்கில் சார்ஜருக்கு வரிசையில் நின்று இந்த அளவு வண்டியை ஓட்டுவது, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த காலத்தைத்தான் ஞாபகப்படுத்தும்.

அடுத்தது நீளம். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். லைட்னிங்கும் சில்வராடோவும் 19.4 அடி. சைபர்ட்ரக் 18.6. ரிவியன்தான் இருப்பதில் சின்னது, 18.1. இங்கே புறநகர் வீடுகளில் கராஜ் 20 அடி ஆழம் இருந்தாலே அதிர்ஷ்டம். அதிலும் சுவரோரம் தண்ணீர் ஹீட்டரோ, படிக்கட்டோ, பனி வாரும் மெஷினோ நிற்கும். என் கராஜில் உத்தரத்திலிருந்து நூலில் ஒரு டென்னிஸ் பந்து தொங்குகிறது. முன் கண்ணாடியில் பந்து தொட்ட இடத்தில் பிரேக். அங்கே நிறுத்தினால் முன்னால் நான்கு விரல் இடைவெளி, பின்னால் கதவு இறங்கும்போது ஒரு சாண். வாங்கிய முதல் வாரம் பந்து இல்லாமல் கண் மதிப்பில் ஓட்டி, சுவர் ஓரமாக அடுக்கியிருந்த அலமாரியைச் சாய்த்தேன். ஊரிலிருந்து வந்த இரண்டு பாட்டில் ஆவக்காய் அதோடு போயிற்று. வண்டிக்கு ஒன்றுமில்லை. வீட்டில்தான் ஒரு வாரம் பேச்சில்லை.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

லைட்னிங்கில் தினமும் கை போகிற இடம் பின்னால் இருக்கும் பெட் இல்லை, முன்னால் இருக்கும் டிக்கிதான். எஞ்சின் இல்லாததால் பானெட்டுக்கு அடியில் 400 லிட்டர் காலி இடம். பட்டனைத் தட்டினால் தானாகத் திறக்கும், 400 பவுண்டு எடை தாங்கும். இந்தியக் கடையில் வாங்கும் 20 பவுண்டு பொன்னி மூட்டைகள், பால் கேன்கள், மகள் பள்ளிப் பை எல்லாம் அங்கேதான். பெட் திறந்த தொட்டி. மழையிலும் பனியிலும் மளிகையை அங்கே போட முடியாது, மேல்மூடி தனியாக வாங்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பெட்டை நான் வருடத்துக்குப் பத்து முறை பயன்படுத்தினால் அதிகம். தோட்டத்து மண், நவராத்திரிக்குக் கொலுப்படி செய்ய பிளைவுட், பொங்கல் விழாவுக்கு அண்டா.

இந்த வண்டி மேல் பாசம் வந்த நாள் ஒன்று உண்டு. 2023 பிப்ரவரியில் தென்கிழக்கு மிச்சிகனில் பனிமழை அடித்தது. கிளைகள் பனிக்கட்டி சுமந்து கம்பிகள் மேல் விழுந்து லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. எங்கள் தெருவில் இரண்டு ராத்திரி இருட்டு. இங்கே கரண்ட் போனால் முதல் பயம் விளக்கு இல்லை, பேஸ்மென்ட். நிலத்தடியில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் நின்றால் கீழ்த்தளம் குளமாகிவிடும். லைட்னிங்கின் பெட்டிலும் முன் டிக்கியிலும் இருக்கும் பிளக்குகளில், அந்த வசதியுள்ள மாடலில், மொத்தம் 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம். ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று பம்புக்கு, இன்னொன்று ஃப்ரிட்ஜுக்கு, மூன்றாவது எல்லோரும் படுத்த அறையில் ஒரு சின்ன ஹீட்டருக்கு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவின் பம்புக்கும் வேலி தாண்டி ஒரு வயர் போனது. மூன்றாம் நாள் காலை கரண்ட் வந்தபோது பேட்டரியில் பாதிகூடக் குறையவில்லை. சைபர்ட்ரக், சில்வராடோ இரண்டிலும் இதே மாதிரி பெரிய அளவில் மின்சாரம் எடுக்கலாம். ரிவியனில் சின்ன 120 வோல்ட் பிளக்குகள்தான். லேப்டாப், ரைஸ் குக்கர் அளவுக்கு.

அதற்காக ரிவியனை ஒதுக்கிவிடாதீர்கள். ஓட்டிப் பார்த்ததில் இருப்பதிலேயே கார் மாதிரி இருப்பது அதுதான். பெட் 4.5 அடிதான், ஆனால் பின்சீட்டுக்குப் பின்னால் வண்டியின் குறுக்கே ஒரு பூட்டுகிற சுரங்க அறை வைத்திருக்கிறார்கள். குழந்தை வண்டி, கிரிக்கெட் கிட், மடக்கு நாற்காலி அத்தனையும் நுழைந்துவிடும். இன்னொன்று, ஏர் சஸ்பென்ஷன். நிறுத்தியதும் வண்டி தாழ்ந்து கொடுக்கும். அற்ப விஷயமாகத் தெரியும். உங்கள் அம்மா ஆறு மாத விசாவில் வந்து புடவையோடு பிக்கப்பில் ஏறும்போது தெரியும். என் வண்டியில் அம்மாவுக்காகவே ஒரு பிளாஸ்டிக் முக்காலி பின்சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. ரிவியனில் குறை விலையும், சர்வீஸ் சென்டர்கள் குறைவாக இருப்பதும். உங்கள் வீட்டுக்கு எத்தனை மைலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சில்வராடோவின் பெரிய பேட்டரி மாடல்கள் 450 மைலுக்கு மேல் போகும். கோடையில் இங்கிருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்கு, ஏறக்குறைய 300 மைல், நடுவில் சார்ஜ் போடாமலே போய்விடலாம். பின்சீட்டுக்குப் பின்னுள்ள சுவரை மடக்கினால் பெட் மொத்தம் 9 அடி ஆகும், சோபாவையே ஏற்றலாம். ஆனால் அந்த பேட்டரியோடு வண்டி ஏறத்தாழ 4 டன். நம் ஊர்ச் சாலையில் மார்ச் மாதம் பனி உருகியதும் தோன்றும் பள்ளங்களை ஒருமுறை பாருங்கள், டயர் செலவு தானாகக் கண்ணில் தெரியும். நான்கு வயதுக் குழந்தையோடு 300 மைல் போனால் எப்படியும் இரண்டு இடத்தில் நிறுத்தத்தான் போகிறீர்கள். அந்த நேரத்தில் சார்ஜ் ஏறட்டுமே. தினம் 50 மைலுக்கு அவ்வளவு பேட்டரியைச் சுமப்பது எனக்கு ஒப்பவில்லை.

சைபர்ட்ரக் பற்றி இணையம் முழுக்கச் சண்டை. பின்சக்கரமும் திரும்புவதால் காஸ்ட்கோ கடைப் பார்க்கிங்கில் அந்த உடம்புக்கு ஆச்சரியமாக வளைகிறது. பெட்டுக்கு மின்சார மூடி உண்டு. மூடிப் பூட்டினால் உண்மையான டிக்கி. மூடியிருந்தால் உள் கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாது, கேமராதான். 2025 மார்ச்சில் வெளிப்புற எஃகுப் பட்டை கழன்று விழலாம் என்று 46 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு மனதைப் பறிகொடுங்கள். மிச்சிகனில் இன்சூரன்ஸ் எந்த வண்டிக்குமே சுடும். எனக்கு அதில் ஒரே சங்கடம், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். தயிர் வாங்கப் போகும்போது அது தேவையில்லை.

குளிர் எல்லா மின்சார வண்டிக்கும் பொது. பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போனால் காகிதத்தில் போட்ட ரேஞ்சில் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்றே கணக்குப் போடுங்கள். பேட்டரி குளிர்ந்திருந்தால் வேக சார்ஜரிலும் மெதுவாகத்தான் ஏறும். ஒரு டிசம்பரில் ஒஹையோ நெடுஞ்சாலையில் நான்கு சார்ஜர் இருந்த இடத்துக்குப் போனேன். இரண்டில் திரை இருட்டு, ஒன்றில் ஆள், நான்காவது நத்தை. காரில் குழந்தை தூங்கிவிட்டதால் தப்பித்தேன். 2024 முதல் ஃபோர்டு, ரிவியன், செவி வண்டிகளுக்கும் டெஸ்லாவின் வேக சார்ஜர்களான சூப்பர்சார்ஜர்கள் திறந்துவிட்டதால் இப்போது பரவாயில்லை. ஆனால் லைட்னிங்கிலும் ரிவியனிலும் சார்ஜ் மூடி டிரைவர் பக்கம் முன்னால் இருக்கிறது, டெஸ்லா வயரோ குட்டை. சில இடங்களில் இரண்டு இடத்தை அடைத்து நிறுத்த வேண்டிவரும், டெஸ்லாக்காரர் முறைப்பார். மன்னிப்பு கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம். 7,500 டாலர் மத்திய வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. பழைய வீடியோக்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வந்து மூன்று மாதத்தில் உங்களுக்கு கிரெடிட் ஸ்கோர் இருக்காது, கார் கடனுக்கு வட்டி கொன்றுவிடும். விசா முடியும் தேதிக்குள் கடனை அடைக்கச் சொல்லும் வங்கிகளும் உண்டு. இன்னொரு செய்தி: 2025 டிசம்பரில் ஃபோர்டு முழு மின்சார லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாகவும், அடுத்தது பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்து வரும் என்றும் அறிவித்தது. நீங்கள் வேலை பார்க்கும் டியர்பார்னில்தான் அது செய்யப்பட்டது, ஆபீஸில் கதை கதையாகச் சொல்வார்கள். இதனால் பழைய லைட்னிங் வாங்கத் தயங்க வேண்டாம் என்பது என் எண்ணம். டீலர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள், பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 100,000 மைல் வாரன்டி வண்டியோடு வரும்.

அதனால் என் யோசனை: இந்தக் குளிருக்கு ஏழெட்டு வருடப் பழைய கேம்ரியோ கரோலாவோ கையில் இருக்கும் பணத்துக்கு வாங்குங்கள், நல்ல பனி டயர் போடுங்கள். குடும்பம் வரட்டும், கிரெடிட் கார்டு ஒன்றை ஒழுங்காகக் கட்டி வாருங்கள். தனி வீடு வாடகைக்குப் பார்க்கும்போது வீட்டுக்காரரிடம் 240 வோல்ட் லைன் போட அனுமதி கேளுங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் ஓடிய, பெரிய பேட்டரி லைட்னிங். 2024 மாடலோ அதற்குப் பிந்தையதோ கிடைத்தால், குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் இருக்கும், குளிருக்கு உதவும். கராஜ் 19 அடிதான் என்றால் ரிவியன்.

வீடு பார்க்கப் போகும்போது டேப்பை மறக்காதீர்கள். பின்சுவரிலிருந்து கதவு வரை அளங்கள், தண்ணீர் ஹீட்டர் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். டென்னிஸ் பந்து என்னிடம் இன்னும் இரண்டு இருக்கிறது, ஒன்று தருகிறேன்.