விரிசல் விட்ட அரிக்கேன் கண்ணாடி

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்கு விடியுமுன் கிளம்பும் அப்பா கையில் பிடித்துப்போன அரிக்கேன் விளக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அப்பா இப்போது இல்லை. போன வாரம் துடைத்தபோது அதன் கண்ணாடியில் இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. சேலத்தில் கார் கண்ணாடி சரிசெய்யும் கடையில் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். ஒட்டிவிட்டுக் கார்த்திகைக்கு ஏற்றலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: ஒட்டலாம், ஏற்றக் கூடாது. கண்ணாடி ஒட்டும் வழக்கமான பசைகள் அந்தச் சூட்டில் இளகிவிடும். சூடு ஏறி இறங்கும்போது விரிசல் ஓடிக் கண்ணாடி பிளக்கும். கீழே மண்ணெண்ணெய் இருக்கிற விளக்கு, மறந்துவிடாதீர்கள்.

கார் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் கார் முன்கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரண்டு அடுக்குக் கண்ணாடி. அதன் விரிசலில் ரெசின் என்ற இறுகும் பிசினை ஏற்றும் கருவியை உங்களுடைய மெல்லிய, வளைந்த கண்ணாடியில் பொருத்தி அழுத்தினால் அதிலேயே உடையலாம். கொடுப்பதாக இருந்தால் கருவி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விரிசலைப் படம் எடுத்துக்கொண்டு, அதன் நீளத்தையும் செய்யப்போகும் வேலையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். காசு வாங்கிச் செய்யும் பழுதுபார்ப்பும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். கவனக்குறைவால் உடைத்துவிட்டால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், இதை வீட்டிலேயே செய்யலாம். விரிசல் கோடாகத் தெரிவதே உள்ளே காற்று இருப்பதால்தான். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் எப்பாக்சி என்ற பசை அங்கே நிரம்பினால் கோடு பெருமளவு மங்கிவிடும். ரெசின் கைவேலைக்கு விற்கிறார்களே, இரண்டு பாட்டிலைக் கலக்கும் தெளிவான எப்பாக்சி, அதில் தண்ணீர்போல ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபெவிக்விக் வேண்டாம். வெண்படலம் விடும், நாளடைவில் ஈரத்தில் பிடியும் தளரும்.

முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். மேல்மூடி ஸ்பிரிங்கால் கண்ணாடியை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த மூடியின் மேலுள்ள வளையத்தை முழுக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைச் சாய்த்து எடுங்கள். அதைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். நுனியில் ஈரம் பட்டால் விரிசல் மெல்ல நீளும், அதனால் உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் நாள் கடத்தவும் வேண்டாம். புகைக்கரியும் மண்ணெண்ணெய்ப் பிசுக்கும் போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இரண்டு மூன்று முறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பல் குத்தும் குச்சி நுனியால் எப்பாக்சியை விரிசல்மேல் தொட்டுத் தொட்டு வையுங்கள். தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள். இறுகிய பிறகு மேலே நிற்பதைப் பிளேடால் மெதுவாகச் சீவி எடுக்கலாம்.

கார்த்திகைக்கு? பழைய கண்ணாடியின் உயரம், மேல்வாய், அடிவாய் மூன்றையும் அளந்துகொண்டு போய்ப் புதுக் கண்ணாடி ஒன்று வாங்கி, அதே விளக்கில் மாட்டி ஏற்றுங்கள். அரிக்கேன் கண்ணாடி மாற்றுவதற்கென்றே தனியாகச் செய்யப்படுவது. உங்கள் அப்பாவே எத்தனை முறை மாற்றியிருப்பாரோ! அவர் பிடித்த கைப்பிடி அப்படியேதானே இருக்கிறது.

ஒட்டிய கண்ணாடிக்குள் பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்கை வைத்து அலமாரியில் வையுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும், எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகிவிடும்.