சோறு செய்த குற்றமா?

கேள்வி: தாராவியில் வசிக்கிறோம். என் அப்பாவுக்கு வயது 61. அவருக்கு 18 ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. வலி வந்தால் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்வார். சில மாதங்களாகக் கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகிறது. சிறுநீரகத்தில் பயாப்ஸி எடுத்துப் பார்த்து, 'அமிலாய்டு' படிந்திருப்பதாகவும், கல்லீரலும் பெரிதாகியிருப்பதாகவும் சொன்னார்கள். அச்சொல்லுக்கு 'மாவுப்பொருள் போன்றது' என்று பொருள் என அறிந்து, சோற்றையும் உருளைக்கிழங்கையும் நிறுத்திவிட்டோம். இது சரியா? தம்பிக்கும் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதாம். இரண்டும் ஒரே நோயா?
- ஒரு வாசகி, மும்பை

பதில்: அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றால், சோற்றை இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். இது பெயரால் வந்த குழப்பம். 1854-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ, திசுவில் படிந்திருந்த பொருளொன்று அயோடின் பட்டதும் மாவுப்பொருளைப் போல நிறம் மாறுவதைப் பார்த்து இப்பெயரை இட்டார். ஐந்தே ஆண்டுகளில் அது புரதம் என்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

முடக்குவாதம் என்பது மூட்டுகளில் நீடிக்கும் அழற்சி. அப்படி உடலில் எங்கேனும் அழற்சி ஓயாமல் நீடித்தால், கல்லீரல் 'எஸ்ஏஏ' என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடக்கும்போது, சிலருக்கு அப்புரதத்தின் துண்டுகள் மடிப்பு பிசகி, எளிதில் கரையாத நுண்ணிய நார்களாகச் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் படிகின்றன. சிறுநீரக வடிகட்டிகளில் அவை படிந்தால், இரத்தத்தில் தங்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. நீங்கள் பார்க்கும் நுரையும் வீக்கமும் அதனால்தான். நம் நாட்டில் காசநோயும் இதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்துவருகிறது. இந்தப் படிவைக் காட்டிக்கொடுப்பது காங்கோ ரெட் என்னும் சாயம். 1880-களில் பருத்தித் துணிக்காக உருவான சாயம் அது. மில்களால் வளர்ந்த உங்கள் ஊருக்குப் பொருத்தமான செய்திதான். அச்சாயம் ஏறிய படிவு, முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில் பச்சை ஆப்பிளின் நிறத்தில் மின்னும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, 'வலி வந்தால் மட்டும் மாத்திரை' என்பது. வலி மாத்திரை வலியை அடக்குமே தவிர, முடக்குவாதத்தின் போக்கை மாற்றாது. மூட்டு வலிக்காத நாளிலும் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம். போதாக்குறைக்கு, அவ்வகை மாத்திரைகள் பலவும் சிறுநீரகத்துக்கே பகை. மருத்துவரைக் கேட்காமல் இனி ஒன்றுகூட வாங்கித் தரவேண்டாம்.

அடுத்து, படிந்திருப்பது எந்த வகை என்று கேட்டு அறியுங்கள். முடக்குவாதம் இருப்பதால் அழற்சி வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றாலும், எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களிலிருந்து வரும் வேறொரு வகையும் உண்டு. அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு என்பதால், இதை ஊகத்துக்கு விடக்கூடாது. அழற்சி வகைதான் என்று உறுதியானால், சிறுநீரக மருத்துவரும் வாதநோய் மருத்துவரும் சேர்ந்து அழற்சியை அடக்க முயல்வார்கள். சிஆர்பி போன்ற இரத்தப் பரிசோதனைகளில் அழற்சி தொடர்ந்து தணிந்தே இருப்பது தெரிந்தால் புதிய படிவு குறையும். பழையதும் சிலருக்கு மெல்ல மெல்லக் கரையும். அழற்சியை அடக்கும் சில ஊசி மருந்துகள் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால், தொடங்குமுன் அதற்கான பரிசோதனை கட்டாயம். சாப்பாட்டில் குறைக்கவேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு.

தம்பியின் நோய் வேறு. அவருக்குச் சேர்ந்திருப்பது கொழுப்பு. உடற்பருமன், சர்க்கரை நோய், மது ஆகியவை அதன் வழக்கமான காரணங்கள். பருமனானவராக இருந்தால், எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் பெரும்பாலும் தேறிவரும். சோற்றின் அளவைக் குறைக்கவேண்டியவர் உங்கள் வீட்டில் யாரேனும் உண்டென்றால், அது அவராகத்தான் இருக்கும்.