மண்வெட்டி வருகிறது, ‘கொத்து’ வரவில்லை

அம்பாசமுத்திரம் தம்பிக்கு,

பார்க்கின்சன் நோய்க்காக மூளையில் மின்முனை பொருத்தியபின் அப்பாவின் கை நடுக்கம் அடங்கிவிட்டது. ஆனால் ‘மண்வெட்டி’ என்று பெயர் சொல்லும் அவருக்கு, அதனால் செய்யும் வேலையான ‘கொத்து’ என்ற சொல் வரவில்லை, மறதி நோயோ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் அப்படி முடிவு கட்டாதீர்கள்.

பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குப் பொருளின் பெயரைவிட வினைச்சொல்தான் சிரமம். ‘மடை திற’, ‘களை பறி’ என்னும்போது உடலை அசைக்கும் மூளைப் பகுதிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. நோய் கைவைப்பதும் அங்கேதான். அறுவைக்கு முன்பே இது இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு இருந்திருக்கிறது. நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கவனிக்கவில்லை.

அந்த மின்முனை வழியே கருவி மூளைக்குக் கொடுக்கும் மின் தூண்டலுக்கு இரண்டு முகம் உண்டு. கருவி இயங்கும்போது வினைச்சொல் எளிதாக வந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்பது போன்ற சோதனைகளில் அறுவைக்குப் பின் எண்ணிக்கை குறைவது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு.

எந்தச் சொல், எந்த நேரம், மாத்திரைக்கு முன்பா பின்பா என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வழக்கமான 130 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 130 மின்துடிப்பு) அலைவெண்ணையோ மின்னளவையோ அவர்கள் மாற்றிப் பார்க்கலாம். வீட்டில் நீங்களாகக் கருவியை அணைத்துவிடாதீர்கள். திடீரென்று குழறல், வாய்கோணல் என்றால் நோட்டைத் தேட வேண்டாம், உடனே மருத்துவமனை.

பெரியப்பாவிடம் வரப்பில் நின்று கையால் செய்துகாட்டுவோம். பாதி நாள் சொல் வந்துவிடும். மீதி நாள் திட்டு வரும்.