நூறு வயது வரை வாழ்ந்தால் 1.40 கோடி போதுமா?

கேள்வி: தனியார் ஆலையில் வேலை. இன்னும் 3 மாதத்தில் 60 வயதில் ஓய்வு. மனைவிக்கு 55. பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 1.40 கோடி ரூபாய் கையில் இருக்கும். சொந்த வீடு உண்டு, பென்ஷன் இல்லை. மாதச் செலவு 40,000. மருத்துவ முன்னேற்றத்தால் இனி 100, 120 வயது வரை வாழலாம் என்று படிக்கிறேன். என் அம்மாவுக்கே 91. எத்தனை வயது வரை திட்டமிட வேண்டும்? மூலதனத்தைத் திருப்பித் தரும் ஆனுவிட்டியில் (மொத்தமாகப் பணம் கட்டினால் ஆயுள் முழுக்க மாதத் தொகை தரும் திட்டம்) 60 லட்சம் போடச் சொல்கிறார் முகவர். பிறக்கப்போகும் பேரக்குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லியும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: 120 வயதுக்குத் திட்டமிட வேண்டாம். பிரான்ஸின் ழான் கல்மான் 122 வயதில் 1997-ல் இறந்தார். அவரை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. செல்களை இளமைக்குத் திருப்பும் ஆய்வுகள் 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி யாமானகா வழிகாட்டியதிலிருந்து நடக்கின்றன. மனித ஆயுளை அவை நீட்டியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் 90-ஐத் தாண்டுவோர் கூடிக்கொண்டே போகிறார்கள். ஜப்பானில் 1963-ல் நூறு வயதைத் தொட்டவர்கள் 153 பேர். 2025-ல் 99,763 பேர். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்.

ஆகவே உங்கள் வயதை மறந்துவிட்டு, உங்கள் மனைவிக்கு 95 ஆகும்வரை கணக்குப் போடுங்கள். அது 40 ஆண்டுகள். பலர் கணவரின் 80, 85 வயதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். கடைசிப் பத்தாண்டு வரும்போது பணமும் இல்லை, துணையும் இல்லை என்ற நிலையில் நிற்பது மனைவிதான்.

பணவீக்கம் 6% என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணமும் வைப்பு நிதியில் இருந்து, வரி போக 6% கிடைத்தால் 40 ஆண்டுக்கு 1.92 கோடி தேவை. உங்களிடம் உள்ள 1.40 கோடி 29 ஆண்டில், மனைவிக்கு 84 வயதாகும்போது தீர்ந்துவிடும். அதே பணம் வரி போக 8% ஈட்டினால், 40 ஆண்டுக்கு 1.36 கோடியே போதும். 20 ஆண்டுக்கே 81 லட்சம் தேவைப்படும் நிலையில், காலம் இரட்டிப்பாகி 40 ஆண்டானாலும் கூடுதலாகத் தேவைப்படுவது 55 லட்சம்தான். நீண்ட ஆயுளைவிட, பணவீக்கத்தைத் தாண்டாத முதலீடுதான் உங்களுக்கு ஆபத்து.

அதனால்தான் முகவர் சொல்லும் 60 லட்சம் ஆனுவிட்டி வேண்டாம் என்கிறேன். மூலதனத்தைத் திருப்பித் தரும் வகையில் மாதத் தொகை குறைவு. அதுவும் கடைசிவரை ஏறாது. இன்று 30,000 ரூபாய் வருகிறது என்றால், 24 ஆண்டு கழித்து அந்தப் பணத்தில் இன்றைய 8,000 ரூபாய்ச் சாமான்கூட வாங்க முடியாது. ஆனுவிட்டியே தவறு என்று சொல்லவில்லை. நீங்கள் எத்தனை வயது வாழ்ந்தாலும் தர வேண்டிய சுமை நிறுவனத்தின் தலையில் விழுகிறது, அதுதான் அதன் பலன். கல்மான் இறந்தபின் அவர் வீடு தனக்கு என்ற ஒப்பந்தத்தில், 1965-ல், கல்மானின் 90-வது வயதில், அவர் உள்ளவரை மாதம் 2,500 ஃபிராங்க் தர ஒப்புக்கொண்ட வழக்கறிஞர் 1995-ல் இறந்தார். பிறகு வழக்கறிஞரின் மனைவி கட்டினார். மொத்தத்தில் வீட்டு விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனது. உங்களுக்கு 70 ஆகும்போது, மூலதனம் திரும்பாத, இருவரும் உள்ளவரை முழுத் தொகை வரும் கூட்டு ஆனுவிட்டியை 20 லட்சத்துக்கு வாங்குங்கள். வயது ஏற ஏற விகிதமும் ஏறும்.

இப்போதைக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம் போடுங்கள், 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். மனைவி பெயரில் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம், 7.4% வட்டியில் மாதம் 5,550. இரண்டும் சேர்ந்தால் மாதம் 26,000. மீதி 14,000-ஐ 26 லட்ச ரூபாய் வைப்பு நிதியிலிருந்து எடுங்கள். விலைவாசி ஏறினாலும் அது குறைந்தது 7 ஆண்டு தாங்கும். 55 லட்சத்தை 18 மாதத் தவணைகளாக நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி பங்குக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்ட்) போடுங்கள். சந்தை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் மட்டும் ஓராண்டுச் செலவை வைப்பு நிதிக்கு மாற்றுங்கள். சரிவில் விற்றால் முழுக் கணக்கும் குலைந்துவிடும்.

எஞ்சும் 20 லட்சம் மருத்துவத்துக்கு மட்டும். அதை ஒதுக்கியபின் அன்றாடச் செலவுக்கு மிஞ்சும் 1.20 கோடி சுமார் 33 ஆண்டுக்கு, மனைவியின் 88 வயது வரை வரும். 40 ஆண்டுக்குத் தேவையான 1.36 கோடிக்கு 16 லட்சம் குறைகிறது. மாதம் 25,000-க்கு 3 ஆண்டு பகுதிநேர வேலை பார்த்தால், 9 லட்சத்தைத் தொடாமல் வளரவிடலாம். மீதிக்கு வீடு இருக்கிறது. ரிவர்ஸ் மார்ட்கேஜில் (வீட்டை அடமானம் வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் பெறுவது) மாதத் தொகை பொதுவாக 20 ஆண்டு வரைதான் வரும் (வீட்டில் கடைசிவரை வசிக்கலாம்). ஆகவே 60-ல் எடுக்காதீர்கள். மனைவி 75-ஐத் தாண்டியபின் போதும்.

எல்லாவற்றையும்விட அவசரம், மருத்துவக் காப்பீடு. அலுவலகப் பாலிசி ஓய்வோடு முடிந்துவிடும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். மாற முடிந்தால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால், இருக்கும் நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். 10 லட்சம் அடிப்படை, அதன்மேல் 90 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் (அடிப்படைத் தொகையைத் தாண்டும் செலவைத் தரும் கூடுதல் பாலிசி) எடுங்கள். வெறும் டாப்-அப், மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறையும் செலவு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் தரும். சூப்பர் டாப்-அப் ஆண்டு மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை எதையும் மறைக்காதீர்கள். இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட அதுவே போதும்.

பாலிசியில் நவீன சிகிச்சைகளுக்கான உள்வரம்பைக் கட்டாயம் படியுங்கள். ஆயுளை நீட்டப்போகும் சிகிச்சைகள் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. 2023-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய் செல் சிகிச்சைக்கு 40 லட்சம் அளவில் ஆகிறது. பாலிசி ஒரு கோடிக்கு இருந்து, இம்யூனோதெரபிக்கு (நெக்ஸ்கார்19 இந்த வகைதான்) 5 லட்சம்தான் என்று உள்வரம்பு போட்டிருந்தால் அந்தக் கோடியால் பயனில்லை. கோ-பே (செலவில் ஒரு பங்கை நீங்களே கட்டுவது), அறை வாடகை வரம்பு இல்லாததாகவும் பாருங்கள். வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு, மறதி நோய்ப் பராமரிப்புக்கு எந்தப் பாலிசியும் பெரும்பாலும் தராது. அந்த 20 லட்சத்தைத் தனியே வைப்பது அதற்காகத்தான். கார் வாங்கவோ வேறு தேவைக்கோ அதைத் தொட வேண்டாம்.

தொப்புள்கொடி ரத்தத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். குழந்தையின் சொந்த எதிர்காலப் பயனுக்கென்று தனியார் வங்கியில் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிலைப்பாடு. பெற்றோருக்கோ உடன்பிறந்த குழந்தைக்கோ தலசீமியா போன்ற நோய் இருந்தால் மட்டும் ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.