லேப்டாப் வாங்கும் முன் சர்வீஸை விசாரியுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்கு ஒரு லேப்டாப்தான் வாங்க முடியும், பட்ஜெட் 50,000 ரூபாய். கல்லூரி போகும் மகள், பிளஸ் ஒன் படிக்கும் மகன், தையல் கடைக் கணக்குக்கு நான் என்று மூன்று பேர் கைபடும். ஐந்து வருஷமாவது உழைக்க வேண்டும். ரிப்பேர் என்றால் திருச்சிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 3,000 ரூபாய் கூடக் கொடுத்தால் மூன்று வருஷ வாரண்டி என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: அந்த 3,000 ரூபாய் வாரண்டியைத் தருவது லேப்டாப் கம்பெனியா, கடையா என்று முதலில் கேளுங்கள். கம்பெனி தருவது என்றால், லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டதும் முடியும் தேதி தெரிந்துவிடும். கடை தருவது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் திட்டம், எந்தப் பாகத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், ரிப்பேர் யார் கையால் நடக்கும் என்பதும் தெரியாது. நான் கம்பெனி வாரண்டிக்குத்தான் பணம் கொடுப்பேன்.

அடுத்தது உங்களுக்கு இன்னும் முக்கியம்: ஆன்சைட்டா, கேரி-இன்னா? ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார், கேரி-இன் என்றால் நீங்கள் சுமக்க வேண்டும். பில்லில் ஆன்சைட் என்று இருந்தாலும் எல்லா ஊருக்கும் வந்துவிட மாட்டார்கள், அதனால் வாங்குவதற்கு முன்பே கம்பெனியின் டோல் ஃப்ரீ நம்பருக்குப் போன் செய்து மாடல் பெயரையும் உங்கள் பின்கோடையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வரமாட்டோம் என்றால் அந்தப் பிராண்டை அங்கேயே விட்டுவிடலாம். பிராசஸரில் ஒரு படி குறைந்தாலும் வீட்டு வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் செமஸ்டர் நடுவில் லேப்டாப் திருச்சியில் கிடந்தால் உங்கள் மகளுக்குத்தான் கஷ்டம்.

மூன்று பேர் புழங்கும் லேப்டாப்பில் சீக்கிரம் போவது கீல், அதாவது ஹின்ஜ். விலை குறைந்த மாடல்களில் இரும்புக் கீலைப் பிளாஸ்டிக் பாடிக்குள் பதித்த சின்னப் பித்தளைத் திருகுகுழியில் முடுக்கியிருப்பார்கள். மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து திறந்து, ஒரு நாள் அந்தப் பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்து பாடி வாய் பிளந்து நிற்கும். சர்வீஸ் சென்டரில் அதைப் பிசிகல் டேமேஜ் என்று எழுதிவிடுவார்கள், சாதாரண வாரண்டி அதற்குச் செல்லாது. ஆகவே கடையில் டிஸ்பிளே பீஸை நீங்களே திறந்து மூடிப் பாருங்கள், திறக்கும்போது கீல் ஓரம் பாடி எழும்பினாலோ நெறுநெறுவென்று சத்தம் வந்தாலோ வேண்டாம். கீழே விழுவது, தண்ணீர் சிந்துவது ஆகியவற்றுக்கும் சேர்த்து ஆக்சிடென்டல் டேமேஜ் என்று தனியாக ஒரு கவர் உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பணம் கொடுத்து எடுக்க வேண்டியது அதுதான் என்பேன். பேட்டரிக்கு மட்டும் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், மூன்று வருஷத் திட்டம் எடுத்தாலும் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேம், அதாவது லேப்டாப்பின் வேலை நினைவகம், கழற்றி மாற்றக்கூடியதா என்றும் பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் மதர்போர்டோடு சால்டர் செய்திருப்பார்கள், ரேம் போனால் போர்டையே மாற்று என்பார்கள். ரேமைச் செருகிக் கழற்ற ஒரு ஸ்லாட்டாவது இருக்கட்டும். அலுவலகங்களுக்கென்று வரும் லெனோவாவின் திங்க்பேட், ஹெச்பியின் புரோபுக் போன்ற வரிசைகள் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அவற்றைப் பிரித்து மாட்டும் கையேட்டைக் கம்பெனிகளே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன, ஸ்பேரும் சுலபமாகக் கிடைக்கும். உங்கள் பட்ஜெட்டில் ஒன்று அமைந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அப்புறம், ஜிஎஸ்டி பில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். சில சமயம் கம்பெனியிலிருந்து சரக்கு கிளம்பிய தேதியிலேயே வாரண்டி ஓட ஆரம்பித்திருக்கும், பில்லைக் காட்டித்தான் தேதியைத் திருத்த முடியும்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய லேப்டாப் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறதே?
– வாசகர், தாம்பரம்

பதில்: நல்லதும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அதற்கும் பழையதைத் தொடாதீர்கள். பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்குக்குப் பாஸ்வேர்டு இல்லை என்பதைக் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள், பழைய கம்பெனியின் பூட்டோடு வரும் லேப்டாப் பிறகு தலைவலி. பேட்டரி ரிப்போர்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கும் சார்ஜ்), டிசைன் கெப்பாசிட்டியில் (புதிதில் பிடித்த சார்ஜ்) பாதிதான் என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசலாம். கடை வாரண்டி எத்தனை மாதம் என்பது வாய்ச்சொல்லாக இல்லாமல் பில்லில் இருக்க வேண்டும்.

கேள்வி: வாரண்டியில் கொடுத்த லேப்டாப் இரண்டு மாதமாக சர்வீஸ் சென்டரிலேயே இருக்கிறது. கேட்டால் ஸ்பேர் வரவில்லை என்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: லேப்டாப்பைக் கொடுத்தபோது சர்வீஸ் சென்டரில் தந்த ரசீது, அதாவது ஜாப் ஷீட், கையில் இருக்கிறதல்லவா, அதிலுள்ள தேதியையும் எண்ணையும் போட்டுக் கம்பெனிக்கு, சர்வீஸ் சென்டருக்கு அல்ல, ஒரு மெயில் அனுப்புங்கள். எந்தத் தேதிக்குள் தருவீர்கள், இல்லையென்றால் மாற்று லேப்டாப் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள், பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பில், ஜாப் ஷீட், மெயில் மூன்றின் நகலும் சேர்த்து வையுங்கள்.