ஐயாயிரம் ரூபாய் கேமராவில் வியாழனின் பட்டைகள்

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறேன். 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத் தொலைவு 650 மி.மீ. கூடவே படத்தை இரண்டு மடங்காக்கும் 2 எக்ஸ் பார்லோ வில்லை, ஐயாயிரம் ரூபாய் யூ.எஸ்.பி. கேமரா. வியாழனை எடுத்தால் வெறும் வெள்ளை உருண்டைதான் வருகிறது. விலை கூடின கேமரா வாங்கணுங்களா?

பதில்: வேண்டாமுங்க. இருக்கிற கேமராவிலேயே பட்டைகள் வரும்.

வெள்ளையாக வருவது ஒளி மிஞ்சிப்போனதால். ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது ஒளி படும் நேரத்தைக் கேமராவே முடிவு செய்யும் வசதி, சுற்றியுள்ள இருட்டைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. அதை அணைத்துவிட்டு 10 மில்லி செகண்டில் தொடங்குங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் 60, 70 சதவீதம் வரும்வரை கெயினை, அதாவது கேமராவின் ஒளி உணர்வைக், கூட்டுங்கள். பக்கத்து நிலாக்கள் மங்கும், மங்கட்டும்.

ஒற்றைப் படம் எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது அடியில் கிடக்கும் கல் நெளிந்து நெளிந்து தெரியும், நடுவில் ஒரு கணம் துல்லியமாக நிற்கும். வியாழனும் அப்படித்தான். அந்தக் கணங்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் மொத்த வித்தையும். 3 மைக்ரான் பிக்சல் என்றால் உங்கள் கருவியில் வியாழன் 95 புள்ளி அகலம்தான் வரும். அதற்கு 640×480 புள்ளி அளவுள்ள படக் கட்டம் தாராளம். கட்டம் சிறுத்தால் வேகம் கூடும். நொடிக்கு 60 ஃபிரேம் கிடைத்தால் 2 நிமிடத்தில் 7,200 ஃபிரேம். அதற்கு மேல் நீட்டாதீர்கள். 10 மணி நேரத்துக்குள் தன்னையே ஒரு சுற்று சுற்றிவிடும் கோள் அது, நுணுக்கங்கள் இழுபட்டுவிடும். ஏ.வி.ஐ. அல்லது எஸ்.இ.ஆர். கோப்பாகச் சேமியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் போட்டு நல்ல 20 சதவீதத்தை மட்டும் அடுக்குங்கள்.

இனி காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்துக்கு உங்கள் குழாயும் ஆடும். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். லேசான மூட்டத்தோடு காற்றே அசையாத ராத்திரிதான் கோள்களுக்கு அருமையானது. பளிச்சென்ற வானத்தை நம்பி ஏமாறாதீர்கள். நாம் 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வியாழன் எந்த வருஷமும் நல்ல உயரத்துக்கு ஏறும், அந்த நேரம் வரை காத்திருங்கள். பகல் சூட்டைக் கக்கும் மொட்டை மாடியை விட்டு மண் தரையில் வையுங்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்தால் கண்ணாடி குளிர்ந்துவிடும்.

ஃபோகஸ் குமிழில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டி, அதன் நுனியை விரலால் தள்ளுங்கள். மயிரிழை அளவு நகர்த்தலாம், குழாயும் அதிராது.

கடைசியில், அடுக்கிய படத்தை ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் கூர்மையாக்கும்போது விளிம்பைப் பாருங்கள். அங்கே வெள்ளை வளையம் கட்டினால் ஒரு படி இறக்குங்கள்.