ஐவரி கோஸ்ட்டின் டாய் தேசியப் பூங்காவில் சிம்பன்சிகள் கல்லால் கொட்டை உடைப்பது உண்மையா? வேறென்ன விலங்குகள் அங்கே உண்டு?

உண்மைதான். 1979 முதல் சிம்பன்சி ஆய்வாளர் கிறிஸ்தோஃப் போஷ் குழுவினர் அங்கேயே தங்கி ஆராய்ந்து பதிவு செய்தது இது. பெரும்பாலும் மரவேர்தான் பட்டறைக்கல், சுத்தியலாக மரக்கட்டையோ கல்லோ. 'பாண்டா' என்ற மரத்தின் கொட்டை மகா கெட்டி, கல் இல்லாமல் உடையாது. ஓங்கி அடித்தால் பருப்பு நசுங்கிவிடும் என்பதால் அளந்து அடிக்க வேண்டும். குட்டிகள் தாயைப் பார்த்துப் பார்த்து இதில் கைதேறப் பல வருடம் ஆகும். அந்தக் காட்டு மண்ணைத் தோண்டியபோது சுமார் 4,300 ஆண்டுப் பழமையான கொட்டை உடைக்கும் கற்கள் கிடைத்தன. ஆய்வாளர்கள் அவற்றையும் சிம்பன்சிகளின் கருவிகள் என்றே கருதுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

மற்ற விலங்குகளில் முக்கியமானது குள்ள நீர்யானை. எடை கால் டன்தான். இரவில் தனியாகத் திரியும். சிறுத்தை, கொலோபஸ் குரங்கு, டைக்கர் (duiker) என்ற சிறு மான்களும் உண்டு. சிங்கத்தைத் தேடாதீர்கள், இது அடர்ந்த மழைக்காடு. 1982-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தாலும், கள்ளவேட்டையும் சுற்றிலும் பெருகும் கோகோ தோட்டங்களும் இன்னும் நெருக்குகின்றன.